ஒரு ‘இக்’கும் ஒரு எம்.எல்.ஏ.வும்

நான் ஒருமுறை சட்டமன்றத் தேர்தலில் நின்றிருக்கிறேன். இதை நானாக யாரிடமும் சொல்வதில்லை. சொல்லாவிட்டாலும், வீட்டுக்கு வருகிறவர்கள் காப்பியில் பாதி குடிப்பதற்குள் என் மனைவி கோமதி சொல்லிவிடுவாள் என்பதால் இங்கே முந்திக்கொள்கிறேன்.

தோற்றேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தேர்தலில் நிற்பவர்களில் ஒருவரைத் தவிர எல்லாரும் தோற்கத்தான் செய்கிறார்கள். ஆனால் நான் தனியாகத் தோற்கவில்லை. போகிற போக்கில் ஒரு நல்ல மனிதரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்த் தோற்றேன். அவருடைய அரசியல் வாழ்க்கை அதோடு முடிந்தது. எல்லாம் எதற்காக? புள்ளி வைத்த ஒரே ஒரு ‘க்’குக்காக.

என் பெயர் ச. குற்றாலிங்கம். தென்காசிப் பக்கத்தில் இதை ஒரு தனி மனிதனின் பெயர் என்று சொல்ல முடியாது. பேருந்து நிலையத்தில் நின்று “ஏலே குத்தாலிங்கம்!” என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், புறப்பட்டுவிட்ட சுரண்டை வண்டியிலிருந்து ஐந்தாவது ஆள் குதித்து இறங்குவார். (பெயரின் முன்பாதி ‘குற்றம்’ என்பதை ஆறாம் வகுப்பிலேயே கவனித்துவிட்டேன். அதற்குப் பொருத்தமாக நடந்துகொள்ள நாற்பத்தைந்து வயதாயிற்று.)

எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கும் இதே பெயர், இதே தலைப்பெழுத்து. அவருடைய அப்பா சங்கரன், என் அப்பா சண்முகவேல். அந்தக் குற்றாலிங்கம் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் எடைச்சீட்டு எழுதுகிற ஆளாக இருந்து, வார்டு உறுப்பினராகி, பேரூராட்சித் தலைவராகி, பிறகு எம்.எல்.ஏ. ஆனவர். நான் தென்காசியில் ஒரு டுடோரியல் கல்லூரியில், தமிழில் தோற்றவர்களுக்குத் தமிழ் நடத்தி, அவர்களை இரண்டாம் முறையும் தோற்கவைக்கிற ஆள். எங்கள் இருவரையும் ஒருவர் என்று நினைக்கக் கண் பார்வையோ காது கேட்பதோ கொஞ்சம் குறைவாக இருக்கவேண்டும். தொகுதியில் அப்படிப்பட்டவர்கள் நிறையவே இருந்தார்கள்.

அவர் முதல்முறை ஜெயித்த மறுநாள் காலை ஆறு மணிக்கு எங்கள் வாசலில் பதினோரு பேர் நின்றார்கள்.

“குத்தாலிங்கம் வீடு எதுன்னு கேட்டோம். இங்கன கை காட்டுனாவ” என்றார் முன்னால் நின்றவர். கையில் மனு.

எம்.எல்.ஏ. வீடு கீழப்பாவூரில் இருக்கிறது, எந்தப் பேருந்தில் போகவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கவேண்டும். நான் மனுவை வாங்கிப் பார்த்துவிட்டேன். ‘பேரூந்து வசதி வேன்டி’ என்று தொடங்கியது. அந்தத் தமிழோடு அவரை அரசாங்கத்திடம் அனுப்ப என் மனம் ஒப்பவில்லை. உள்ளே போய்ச் சிவப்புப் பேனாவை எடுத்துவந்தேன். திருத்தி, புதிதாக எழுதி, கையில் கொடுத்து, அதன்பிறகே கீழப்பாவூருக்கு வழி சொன்னேன். அவர் பின்னால் நின்ற பத்துப் பேருக்கும் அப்படியே.

இது பத்து வருடம் நடந்தது. முதியோர் ஓய்வூதியம், ரேஷன் கார்டு, தெருவிளக்கு, ஊர்க்கிணற்றுக்கு மோட்டார் என்று தொகுதியின் குறைகளில் கணிசமானவை என் சிவப்பு மையில் முங்கி எழுந்துதான் கோட்டைக்குப் போயின.

“அவிய சம்பளம் வாங்கிட்டுப் பாக்குத வேலையை நீங்க சம்பளம் இல்லாமப் பாக்குதிய” என்பாள் கோமதி. “ஒரு நாளாவது நம்ம வீட்டு முன்னால சாக்கடை ஓடுதுன்னு ஒரு மனு எழுதுனியளா?”

எழுதவில்லை. நான் எழுதியது வேறு மனு.

எம்.எல்.ஏ. அண்ணாச்சி இரண்டாம் முறையும் ஜெயித்தார். மந்திரிப் பட்டியலில் அவர் பெயர் இரண்டு தடவை அடிபட்டது. இரண்டு தடவையும் அடி மட்டும்தான் பட்டது. மந்திரி ஆகாவிட்டாலும் ஊருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று தொகுதி நிதியில் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் ஒரு வளைவு கட்டினார். தகரத்தில் வெட்டி நீல வர்ணம் அடித்த எழுத்துகள், ஒவ்வொன்றும் முழ உயரம்:

குற்றாலம் உங்களை அன்புடன் வரவேற்க்கிறது.

அதற்குக் கீழே, சற்றுச் சின்ன எழுத்தில்: ச. குற்றாலிங்கம், எம்.எல்.ஏ.

பார்த்த அன்றைக்கு எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. தமிழில் ‘ற்’ என்ற எழுத்துக்குப் பின்னால் இன்னொரு புள்ளி எழுத்து வராது. ‘வரவேற்கிறது’ என்பதுதான் சரி. நடுவில் ஒரு ‘க்’ அழையா விருந்தாளியாகப் புகுந்து, வருகிறவர்களை எல்லாம் முதல் ஆளாக வரவேற்றுக்கொண்டிருக்கிறது. அதுவும் என் பெயருக்கு நேர்மேலே! டுடோரியலில் மாணவர்கள் (ஒற்றுப்பிழையால் மட்டுமே ஒவ்வொரு வருடமும் தோற்கிறவர்கள்) என்னைப் பார்த்து, “ஸார், உங்க பேரைப் போட்டுத் தப்பும் தவறுமா எழுதியிருக்காவளே ஸார்” என்று மிகவும் வருத்தப்பட்டார்கள். வருத்தப்படும்போது அவர்களுக்குப் பல் தெரிந்தது.

அந்த ‘க்’கை நீக்கக் கோரி எம்.எல்.ஏ.வுக்கு நாலு மனு அனுப்பினேன். நாலாவது மனுவில் இலக்கண நூற்பாவே கொடுத்திருந்தேன். பதில் வரவில்லை. ஊரார் மனுவுக்கெல்லாம் பதில் வருகிறது, எழுதிக்கொடுத்தவன் மனுவுக்கு வரவில்லை. இது என்னை உள்ளுக்குள் தின்றது.

இந்த நிலையில்தான் அடுத்த தேர்தல் வந்தது, பேச்சிமுத்து வந்தான்.

பேச்சிமுத்து என் பழைய மாணவன். தமிழில் மூன்று முறை தோற்று, நான்காம் முறை எப்படியோ தேறி, அந்த அதிர்ச்சியில் படிப்பையே விட்டு, தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை போட்டவன். கூட இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். மூன்று பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு என் காலில் விழுந்தார்கள். என் காலில் அதுவரை விழுந்தது ஒரே ஒரு முறை, கோமதி கைதவறிப் போட்ட தோசைக்கல்.

“ஸார், இந்தத் தடவ நீங்க நிக்கணும்.”

“எங்கே?”

“எலெக்ஷன்ல ஸார். உங்களமாரிப் படிச்ச ஆளு சட்டசபைக்குப் போனாத்தான் தமிழுக்கு விடிவுகாலம். ஒரு ‘இக்’க எடுக்கச் சொல்லி நாலு மனு போட்டியளே, எவனாவது திரும்பிப் பாத்தானா? சட்டசபையிலேயே எந்திரிச்சு நின்னு கேக்கலாம்லா?”

இந்த இடத்தில் அறிவுள்ளவன் மூன்று கேள்வி கேட்டிருப்பான். நாலு மனு போட்டது உனக்கு எப்படித் தெரியும்? டெபாசிட் பணம் யார் கட்டுவது? முன்மொழிய வேண்டிய பத்துப் பேருடைய கையெழுத்தும் நீ கொண்டுவந்திருக்கிற தாளில் ஏற்கெனவே இருக்கிறதே, எப்படி? நான் கேட்ட கேள்வி வேறு. “சட்டசபையில் ‘எழுந்து’ என்று சொல்லவேண்டும் பேச்சிமுத்து, ‘எந்திரிச்சு’ இல்லை” என்றேன்.

“பாத்தியளா? இதுக்குத்தான் ஸார் நீங்க வேணும்” என்றான் அவன்.

அவர்கள் போனபிறகு கோமதி அடுக்களையிலிருந்து வந்தாள். “அந்தப் பய எதிர்க்கட்சிக்காரன் வீட்டுலயே கெடயாக் கெடக்கான். உங்க மூஞ்சிக்காக வரல, உங்க பேருக்காக வந்திருக்கான். அண்ணாச்சிக்கு விழுத ஓட்டை உங்க பேரைக் காட்டிப் பிரிக்கதுக்கு. பால்காரருக்குக்கூடப் புரியும்.”

“பால்காரருக்கு இலக்கணம் புரியுமா?” என்று கேட்டேன். இன்றுவரை என் வாழ்க்கையில் நான் கேட்ட மிக முட்டாள்தனமான கேள்வி அதுதான். போட்டிக்கு வேறு சிலவும் உண்டு.

மனுத் தாக்கல் செய்ய என்னை ஒரு வேனில் ஏற்றினார்கள். உள்ளே ஏற்கெனவே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சுரண்டையில் டீக்கடை வைத்திருப்பவர், இன்னொருவர் பந்தல் போடுகிறவர். மரியாதைக்காகப் பெயர் கேட்டேன்.

“குத்தாலிங்கம்” என்றார் டீக்கடைக்காரர்.

“நானும் குத்தாலிங்கந்தான்” என்றார் பந்தல்காரர். “உங்க பேரு?”

சொன்னேன். மூவரும் சிரித்தோம். ‘அட, என்ன பொருத்தம்!’ என்று வியந்தேன். என்ன செய்வது, நான் அப்படிப்பட்ட ஆள்தான்.

போகிற வழியில் டீக்கடைக்காரரின் படிவத்தைத் தற்செயலாகப் பார்த்தேன். ‘குத்தாலிங்கம்’ என்றே எழுதியிருந்தது. கை சும்மா இருக்குமா? பேனாவை எடுத்து, ‘த்’தை அடித்து ‘ற்’ போட்டு, ‘தா’வை ‘றா’ ஆக்கி, அவர் பிறந்ததிலிருந்து இருந்த பிழையைச் செங்கோட்டை வண்டி ஒன்று எங்களை முந்துவதற்குள் நீக்கிவிட்டேன். அவர் நெகிழ்ந்துபோய், “நல்லாயிருப்பிய” என்றார்.

பரிசீலனையன்று அவருடைய மனு தள்ளுபடியானது. வாக்காளர் பட்டியலில் அவர் ‘குத்தாலிங்கம்’, மனுவில் ‘குற்றாலிங்கம்’. பெயர் ஒத்துப்போகவில்லை. பந்தல்காரர் ஒரு பக்கத்தில் கையெழுத்தையே மறந்திருந்தார். “இங்க ஒருத்தர் மனு மட்டும் காற்புள்ளிகூட மாறாம இருக்கு” என்று தேர்தல் அதிகாரி என்னுடையதை எடுத்துக் காட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்று குற்றாலிங்கங்களை இறக்கி, மூன்றில் எது தேறினாலும் சரி என்றிருந்த பேச்சிமுத்துவின் ஆட்களுக்கு, இலக்கணத்தின் பலத்தால் தேறியவன் நான் ஒருவன்தான்.

என் சின்னம் மட்டை. கிரிக்கெட் மட்டை. நான் எழுதுகோல்தான் கேட்டேன். பேச்சிமுத்து படிவத்தில் மட்டையை முதலில் போட்டுவிட்டான். அண்ணாச்சியின் கட்சிச் சின்னம் மண்வெட்டி. எங்கள் ஊர் வாயில் அது மம்பட்டி. அப்போது வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளர் படம் கிடையாது. பெயரும் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சின்னமும்தான். அந்த அளவில் வரைந்தால் மம்பட்டியும் மட்டையும் ஒன்றுதான்: ஒரு கம்பு, நுனியில் ஒரு பட்டை. (பேச்சிமுத்துவுக்கு நான் தமிழில் போட்ட மதிப்பெண் குறைவு. ஓவியம் என்று ஒரு பாடம் இருந்திருந்தால் முதல் மாணவன்.)

மனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் எம்.எல்.ஏ. அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கு வந்தார். கொடி கட்டிய கார் இல்லை. மச்சினன் ஓட்டிய பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்தார். மெலிந்த மனிதர். வேட்டியில் சந்தைப் புழுதி. என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் என் கொள்கைகளைக் கண்டு பயந்து வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

“ஸார், உங்ககிட்ட ஒளிக்கதுக்கு ஒண்ணுமில்ல” என்றார் உட்கார்ந்ததும். “ரெண்டு தடவ ஜெயிச்சும் கட்சில எனக்குப் பிடிமானம் கெடயாது. பணம் செலவழிக்க ஆளு க்யூவுல நிக்கான். இந்தத் தடவ விட்டேன்னா அடுத்த தடவ எனக்கு சீட்டு இல்ல. அத நேராவே சொல்லிட்டாவ. இதுல நம்ம பேரும் ஒண்ணாப் போச்சா... சனங்க கொழம்பிருவாவ. நீங்க வாபஸ் வாங்குனா நல்லாருக்கும்.”

“வாங்கிவிடுகிறேன்” என்றேன் நான். அவர் முகம் மலர்ந்தது. “ஆனால் அந்த வளைவில் இருக்கிற ‘க்’கை எடுத்துவிடவேண்டும். நாளைக்குள்.”

“எந்த ‘இக்’கு?”

விளக்கினேன். வல்லினத்தில் தொடங்கி விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நடுவில் கோமதி கொண்டுவந்த மோரையும் குடித்து முடித்தார்.

“எடுத்துரலாம் ஸார். ஆனா இப்ப கை வைக்க முடியாதே. நடத்தை விதி வந்துட்டுல்லா? நான் கட்டுன வளைவுல நான் ஒரு ஆணியப் புடுங்குனாலும் கேஸு போட்டுருவான். எலெக்ஷன் முடியட்டும், மறுநாளே எடுக்கேன். சத்தியமா.”

“எழுத்து நீங்கினால் மனு நீங்கும்” என்றேன். அந்த வாக்கியத்தின் ஓசை எனக்கே பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதால்தான் மாற்றிக்கொள்ளவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

“ஒரு எழுத்துக்கா ஸார்?”

“ஒரு எழுத்துதான். ஆனால் வல்லெழுத்து.”

அவர் சிரித்துவிட்டார். கோபத்தில் அல்ல, நிஜமாகவே சிரிப்பு வந்து சிரித்தார். “சரி ஸார், ஒங்க இஷ்டம்” என்று எழுந்தவர், கோமதியிடம், “மோரு நல்லாருந்துச்சு தாயி” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பைக் முனை திரும்புகிறவரை வாசலில் நின்ற கோமதி, உள்ளே வந்து அன்றிலிருந்து, தேர்தல் முடிவு வந்த பிறகும்கூட, என்னோடு பேசவில்லை. தேவை ஏற்பட்டபோது சுவரிடம் சொன்னாள். சுவர் எனக்குச் சொன்னது.

பிரசாரத்துக்கு நான் சைக்கிளில் போனேன். சித்திரை வெயில். குற்றாலத்தில் பேரருவிப் பாறையில் ஈரக்கோடு மட்டும் இருந்தது. வரவேற்பதற்கு ஆளே இல்லாமல் அந்த வளைவு ‘க்’ போட்டு வரவேற்றுக்கொண்டிருந்தது. பிழையற்ற தமிழ், பிழையற்ற பெயர்ப்பலகை, பிழையற்ற ஆட்சி என்று நான் அச்சடித்திருந்த துண்டறிக்கையை வாங்கியவர்கள் எல்லாரும் மரியாதையாகவே வாங்கினார்கள். பாவூர்சத்திரம் சந்தையில் கத்தரிக்காய் விற்கிற ஒரு அக்கா, தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“யாருக்குப் போடணும்?”

“குற்றாலிங்கத்துக்கு.”

“வேற யாருக்குப் போடப் போறேன்? எம் மாப்ளைக்கு நெஞ்சுவலி வந்தப்போ தன் வண்டியில ஏத்தித் திருநெவேலி ஆஸ்பத்திரிக்கு அனுப்புன மகராசன்லா? குத்தாலிங்கத்துக்குத்தான் எங்க வீட்டு அஞ்சு ஓட்டும்.”

இங்கே நான் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்லியிருக்கவேண்டும். ‘அந்தக் குற்றாலிங்கம் வேறு, நான் வேறு.’ ஐந்து சொல். ஒற்றுப்பிழை இல்லாமல் என்னால் சொல்ல முடிந்த வாக்கியம். நான் கைகூப்பி, “நன்றி” என்றேன். அதோடு விட்டேனா? “மட்டையில் போடுங்கள்” என்று சின்னத்தையும் நினைவுபடுத்தினேன்.

“மம்பட்டிதானே? தெரியும் தெரியும்” என்றார் அவர். நான் திருத்தவில்லை. இருபது வருடம் பிறர் பிழையைத் திருத்தியே பிழைத்தவன், திருத்தவேண்டிய ஒரே இடத்தில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டேன்.

வாக்கு எண்ணிக்கையன்று வேட்பாளர் என்ற முறையில் எனக்கும் உள்ளே நாற்காலி கிடைத்தது. முதல் சுற்றில் எனக்கு முப்பதுக்கு மேல் விழுந்தது. என் வீட்டில் ஓட்டு இரண்டு. (அதில் ஒன்று சந்தேகம்.) தமிழ் உணர்வு இன்னும் செத்துவிடவில்லை என்று நெஞ்சு விம்மியது. சுற்றுக்குச் சுற்று ஏறிக்கொண்டே போனது. எண்ணூறைத் தாண்டியபோது, ஏற்புரைக்கு ஒரு நல்ல தொடக்கம்கூட யோசித்துவிட்டேன். பிறகுதான் எதிரே இருந்த அண்ணாச்சியின் முகவர்கள் கரும்பலகையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன்.

கடைசிச் சுற்று முடிந்தது. அண்ணாச்சி நூற்றுச் சொச்சம் ஓட்டில் தோற்றிருந்தார்.

எனக்குக் கணக்கு அவ்வளவாக வராது. ஆனால் எண்ணூறுக்கும் நூற்றுக்கும் எது பெரியது என்று தெரியும். வெளியே வந்தால் வெடிச்சத்தம். பேச்சிமுத்து ஓடிவந்து எனக்கு மாலை போட்டான். இரண்டு பேர் என்னைத் தோளில் தூக்கினார்கள்.

“ஏ பேச்சிமுத்து, இறக்கச் சொல்லுடா! நான் தோற்றுப்போனவன்டா!”

“அதுக்குத்தானே ஸார் தூக்குதோம்” என்றான் அவன், கண் நிறைய நன்றியோடு. “நீங்க தோக்கலேன்னா நாங்க எப்படி ஸார் ஜெயிக்க?”

தோள்மேல் இருந்தபடியே அண்ணாச்சியைப் பார்த்தேன். பின்வாசல் வழியாக வந்து, மச்சினன் பைக்கில் ஏறிக்கொண்டிருந்தார். அவரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பூமியில் நின்றிருந்தால் ஓடி ஒளிந்திருப்பேன். ஆறடி உயரத்தில், சாமந்தி மாலையோடு, எங்கே ஒளிவது?

நாலு நாள் வெளியே போகவில்லை. ஐந்தாம் நாள் அந்தக் கத்தரிக்காய் அக்கா, யாரிடமோ விலாசம் விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நான் கதவுக்குப் பின்னால் போனேன். அவர் சண்டை போடவில்லை. அது நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஸாரு, அண்ணாச்சிக்குன்னு நெனச்சு ஒங்களுக்குப் போட்டுட்டோம். அஞ்சு ஓட்டு” என்றார். “நீங்கதான் எப்படியும் தோத்துட்டியளே, இனிமே ஒங்களுக்கு அது எதுக்கு? ஆபீஸுல சொல்லி அத அவியளுக்கு மாத்திக் குடுத்துருங்க.”

கேலியே இல்லை. மெய்யாகவே கேட்டார். பத்து வருடமாக எங்கள் வாசலில் வந்து நின்ற கோரிக்கைகளில் நான் எழுதிக்கொடுக்க முடியாதது அது ஒன்றுதான். கோமதி சுவரை விட்டுவிட்டு நேராக என்னிடமே பேசினாள்: “சட்டையைப் போடுங்க. கீழப்பாவூருக்குப் போங்க.”

போனேன். அண்ணாச்சி கைலியும் பனியனுமாக வராந்தாவில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். வீட்டு வாசலில் கூட்டம் இல்லை. என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு (அதுவே எனக்குப் பெரிய நிம்மதி) நாற்காலியை இழுத்துப் போட்டார்.

என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது. “ஒரு அக்கா ஐந்து ஓட்டை உங்களிடம் கொடுக்கச் சொன்னார்கள்” என்றேன்.

கதையைக் கேட்டதும் அவர் சிரித்தார். வெண்டைக்காய்த் தட்டு ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. ஒரு வெண்டைக்காயை எடுத்துக் காம்பைக் கிள்ளினார்.

“போனுல சொல்லிட்டாவ ஸார். இனிமே எனக்கு ஒண்ணுங் கெடயாதாம்” என்றார். “சவம் போட்டும், விடுங்க. எனக்கு ஒரு சந்தேகம். பத்து வருசமா என்கிட்ட வருத மனுவுல பாதி, ஒரே கையெழுத்துல, அச்சடிச்சமாரி வரும். கலெக்டரே கேட்டிருக்காரு, ‘ஒங்க தொகுதி சனங்க எல்லாம் தமிழ்ப் புலவருங்களா’ன்னு. நல்ல மனுவாயிருக்கும். அதனால சட்டுனு காரியம் நடக்கும். அது நீங்கதானா?”

தலையாட்டினேன்.

“அப்ப நான் ரெண்டாம் தடவ ஜெயிச்சதுல ஒங்களுக்கும் பங்கு இருக்கு. இப்ப தோத்ததுலயும் இருக்கு. கணக்குச் சரியாப் போச்சு” என்றார். “ஒங்க நாலு மனுவும் வந்துச்சு ஸார். அதே கையெழுத்தா இருக்கவும், ஊர்க்காரன் எவனோ தன் பட்டாவுல ஒரு எழுத்த எடுக்கச் சொல்லுதான்னு நெனச்சு, பட்டா எழுத்துத் திருத்தம்னு தாலுகா ஆபீஸுக்கு அனுப்பிட்டேன்.”

(பேச்சிமுத்துவின் ஜெராக்ஸ் கடை தாலுகா ஆபீஸ் எதிரில்தான். நாலு மனுவும் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.)

வாக்காளர்களுக்கு நன்றி நோட்டீஸ் ஒன்று போடவேண்டும், எழுதித் தாருங்கள் என்றார். தோற்றவர் போடுவது வழக்கமில்லை. அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். அவர் ஒரே ஒரு வரியை மட்டும் தன் வாயால் சொல்லி எழுதவைத்தார்: ‘எனக்கு வாக்களித்தவர்களுக்கும், எனக்கு என்று நினைத்து ஸாருக்கு வாக்களித்தவர்களுக்கும் என் நன்றி.’ நான் அதில் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை.

நடத்தை விதி விலகிய மறுநாள் காலை அவரே போன் செய்தார். “ஸார், வளைவுக்கு வாங்க. சொன்னேன்லா?” தோற்றவர், இனி எந்தப் பதவியும் இல்லை. வளைவு கட்டிய கான்டிராக்டரிடம் கெஞ்சி ஒரு ஆளையும் ஏணியையும் வாங்கிவந்திருந்தார். இரண்டு பேரும் சாலையோரம் நின்றோம். சாரல் தொடங்கியிருந்தது. கடைசிச் சொல்லுக்கு நேரே ஏணி சாத்தி மேலே போன ஆளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வராது.

“எந்த எழுத்துங்க?” என்று அவன் மேலிருந்து கத்தினான்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். இலக்கணம் என் துறை. செங்கோட்டைப் பேருந்து ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு வந்தது. எளிமையாகச் சொல்லவேண்டும் என்று, வாழ்க்கையில் முதல்முறையாக இலக்கணத்தை விட்டுவிட்டு, “அந்தப் புள்ளி வைத்த எழுத்தை எடுப்பா!” என்று கத்தினேன்.

எடுத்தான். அது கை நழுவிச் சாலையில் விழுந்து கணகணவென்று உருண்டு, அண்ணாச்சியின் காலடியில் வந்து நின்றது.

‘ற்’.

‘வரவேற்க்கிறது’ என்ற சொல்லில் புள்ளி வைத்த எழுத்து ஒன்றல்ல, இரண்டு. முதலில் வருவது ‘ற்’. நிமிர்ந்து பார்த்தோம். ‘குற்றாலம் உங்களை அன்புடன் வரவே க்கிறது.’ விழுந்ததில் தகரத்தின் கால் வளைந்து, புள்ளி தனியாகக் கழன்று சாக்கடைக்குள் போய்விட்டது. திரும்ப மாட்ட வழியில்லை. மேலே ‘க்’ மட்டும், ஜெயித்த வேட்பாளரைப் போல நின்றது.

அண்ணாச்சி குனிந்து அந்த எழுத்தை எடுத்தார். துண்டால் துடைத்தார். இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

“வச்சுக்கிடுங்க ஸார். மட்டை போயிட்டுல்லா? இனிமே இதுதான் ஒங்க சின்னம்.”

அதன்பிறகு அவருக்கு எந்தக் கட்சியும் சீட்டுக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. ஆனால் மனுவோடு வருகிறவர்கள் இன்னும் அவரைத் தேடிக் கீழப்பாவூர் போகிறார்கள். அவர், “நான் இப்ப ஒண்ணுமில்ல, தென்காசில குத்தாலிங்கம் ஸாரு இருக்காரு, அவருகிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க, சேந்து போவோம்” என்று அனுப்பிவைக்கிறார். முன்பு தவறி வந்தவர்கள் இப்போது விலாசத்தோடு வருகிறார்கள்.

அந்த எழுத்து என் புத்தக அலமாரியில் இருக்கிறது. புள்ளி போய்விட்டதால் முறைப்படி பார்த்தால் அது ‘ற்’ அல்ல, வெறும் ‘ற’. இதை நான் இருமுறை சொல்லி, இருமுறையும் கோமதி எழுந்து உள்ளே போய்விட்டாள். வளைவில் அந்த இடைவெளி இன்றும் அப்படியே இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பேச்சில் அப்படித்தானே சொல்கிறோம் என்று ஊர்க்காரர்களும் அதைச் சரியென்று ஏற்றுக்கொண்டார்கள். வாசலில் யார் வந்து நின்றாலும் என் மகள் உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்:

“வாங்க வாங்க! குத்தாலிங்கம் உங்களை அன்புடன் வரவேக்குது!”

வந்தவர்கள் காரணம் கேட்பார்கள். கோமதி காப்பி போட எழுந்திருப்பாள்.